திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

அவள் அந்த வீட்டுக்கு முதன்முதலில் போனது ஜன்னல் அளக்கத்தான். எட்டு ஜன்னல், எட்டும் ஆளுயரம். மாடிப்படி ஏறியதும் நீளமான ஒரு கூடம்; அதன் ஒரு பக்கம் முழுக்க வெளிச்சம். வெளியே பெரிய மரம் ஒன்று நின்றதால் அந்த வெளிச்சம் நேராக வராமல், தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பது போல ஆடி ஆடி வந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

சாப்பாடு என்பதே பயமாகிப் போனவர்கள் பகலில் வந்து போகும் சிகிச்சை இல்லம் அது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மருத்துவரோடும் ஆலோசகரோடும் பேசுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். வாசலில் பலகை எதுவும் இல்லை. திரைச்சீலைக் கடையில் ஆர்டர் எழுதிக்கொண்டவர் "ஏதோ கிளினிக்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். என்ன கிளினிக் என்று தெரிந்திருந்தால், உடம்பு சரியில்லை என்று சொல்லி வேறு ஆளை அனுப்பியிருப்பாள்.

பத்து நாள் கழித்து, தைத்த திரைகளோடு போய் ஏணியில் நின்று ஆறாவது ஜன்னலை முடித்துக்கொண்டிருந்தபோது, கீழே நீள மேஜையில் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. தலைமை நர்ஸ் வந்து ஏணியைத் தட்டினாள். அங்கே எல்லோருக்கும் அவள் பெரிய சிஸ்டர்.

"இறங்குங்கம்மா. சாப்பிடற நேரத்துல இங்க யாரும் நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது."

"இன்னும் ரெண்டுதான் சிஸ்டர். முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்..."

"ஜன்னல் எங்கயும் ஓடிடாது. இன்னிக்குத் துணைக்கு வர்றவங்க வரல. ஒரு தட்டு காலியா இருக்கு. வந்து உக்காருங்க."

துணை என்றால் என்னவென்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மேஜையில் இருக்கும் ஆறு பேரோடு ஒருவர் சேர்ந்து உட்கார வேண்டும். அவர்கள் தட்டில் இருப்பதேதான் அவர் தட்டிலும் இருக்கும். மிச்சம் வைக்காமல், அவசரப்படாமல், அரைமணி நேரத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் பேசக் கூடாது. மற்ற எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.

எதிரில் மீசை வைத்த பெரியவர் ஒருவர் இருந்தார். பஸ் ஓட்டுநர். கடைசி டிரிப் முடிந்ததும் காலி வண்டியில் உட்கார்ந்து ஒளிந்து ஒளிந்து சாப்பிடுவதும், பிறகு அதை வெளியே தள்ளுவதுமாக இருபது வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியவர். "பொண்ணுங்களுக்கு வர்ற வியாதின்னு சொன்னாங்க. எனக்கு மீசை இருக்கிறது அதுக்குத் தெரியல போல" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு கரண்டியால் தண்ணீர் டம்ளரை இரண்டு தரம் தட்டினார்.

"ரைட்! வண்டி கிளம்புது. யார் யாருக்கு எந்த ஸ்டாப்?"

அது அந்த மேஜையின் விளையாட்டு. மேஜைதான் பஸ். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு நிறுத்தத்தைத் தானே உண்டாக்கி, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எல்லோரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். ஒருத்தி பஞ்சு விளையும் வயல் என்றாள். இன்னொருத்தி, தபால்காரர் தூங்கிக்கொண்டிருக்கும் ஊர் என்றாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் வெகுநேரம் பேசவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். தோள் மட்டும் அகலம், மற்றதெல்லாம் சட்டைக்குள் எங்கேயோ போய்விட்டது. போட்டிகளில் நீந்தியவள் என்பதால் நீச்சல்காரி என்று பெயர். அவள் முறை வந்தபோது புதிதாகத் தொங்கிய திரைகளைப் பார்த்தாள். காற்றில் அவை மெதுவாக உப்பி, மெதுவாக அமுங்கின.

"தண்ணி வந்திடுச்சு" என்றாள். "பஸ் உள்ள இறங்குது. யாரும் பயப்படாதீங்க, மூச்சு விடலாம்."

யாரும் பயப்படவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் ஏழு பேரும் கரண்டியோடு மிதந்துகொண்டிருந்தார்கள். திரைக்காரி குனிந்து பார்த்தபோது தன் தட்டு காலியாக இருந்தது. ஏழு வருடமாக அவள் துணி வெட்டும் மேஜை ஓரத்தில் நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டுப் போகிறவள். தட்டு எப்போது காலியானது என்று அவளுக்கே தெரியவில்லை.

போகும்போது பெரிய சிஸ்டர் கேட்டாள். "செவ்வாயும் வெள்ளியும் வர முடியுமா? மூணு நாள் பயிற்சி இருக்கு, அது ஒண்ணும் கஷ்டமில்ல. நீங்க நல்லாச் சாப்பிடறீங்க."

இப்படி ஒரு பாராட்டை அவள் வாழ்க்கையில் யாரிடமும் வாங்கியதில்லை. சரி என்று சொல்லிவிட்டாள். ஏன் சரி என்று சொன்னோம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். தங்கையைப் பற்றி அங்கே அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தங்கைக்கு வாலு என்று பெயர் வைத்தது அவள்தான். இவளை விடப் பதினாலு வயது இளையவள். அம்மா போன பிறகு குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, பேன் பார்த்தது எல்லாம் இவள்தான். வீடு முழுக்கத் தைத்துக்கொடுக்க வேண்டிய திரைகள் தொங்கும். வாலுவுக்கு அவைதான் காடு. ஒளிந்து விளையாடும்போது எப்போதும் திரைக்குப் பின்னால்தான் போய் நிற்பாள். கீழே இரண்டு சின்னக் கால்கள் தெரியும், விரல்கள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளியும். கண்டுபிடித்துவிட்டால் உதடு பிதுங்கி அழுதுவிடுவாள். அதனால் அக்கா கண்டுபிடிக்கவே மாட்டாள். "எங்க போச்சு இந்தக் குரங்கு? காணமே!" என்று அடுப்படியில் தேடுவாள், கட்டிலுக்கடியில் தேடுவாள், அலமாரியைத் திறந்து பார்ப்பாள். கடைசியில் வாலுவே பொறுக்க முடியாமல் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் பாசம் என்று அந்த வீட்டில் இரண்டு பேரும் அப்போது கற்றுக்கொண்டார்கள்.

பத்தொன்பதாவது வயதில் வாலு கரையத் தொடங்கினாள். முதலில் கன்னம், பிறகு மணிக்கட்டு, பிறகு குரல். அப்போது பார்த்த மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார். வாராவாரம் எடை பார்ப்போம், ஏறினால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், ஏறவில்லையென்றால் சேர்த்தாக வேண்டும். அங்கே உடுத்திய உடையோடுதான் நிறுத்துப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் வாலு நீலப் பாவாடையோடு தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இது காத்துல பறக்குதுக்கா. கர்ட்டன் ஓரத்துல நீ ஈயச் சரம் வச்சுத் தைப்பியே, நேரா நிக்க. அதை இதுலயும் வச்சுக் குடேன்."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். வாலு ஜன்னலைப் பார்த்தாள். அன்று காற்றே இல்லை.

தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. மிஷின் ஓடியது. கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. அடுத்த வாரம் மருத்துவர் "நல்லது, ஏறியிருக்கு" என்றபோது அக்காவும் சிரித்தாள். ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள் வாலு. வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் எழுப்பப் போனபோது வாலு எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவள் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். காற்று வந்தது. சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாம் எழுந்து ஆடின. நீலப் பாவாடை மட்டும் அசையாமல் நேராக நின்றது. ஏழு வருடமாக அவள் கனவில் வருவது அந்தக் கொடிதான். வாலு ஒருநாளும் வந்ததில்லை.

இல்லத்துக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆனபோது பெரிய சிஸ்டர் ஒரு வேலை கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் எடை பார்க்கும்போது எல்லோரும் அணியும் அங்கிகள் கிழிந்துவிட்டன. அவை ஆஸ்பத்திரி அங்கிகள். முதுகுப் பக்கம் திறந்துகொள்ளும். எடை மேடையில் எண்ணைப் பார்க்காமல் திரும்பி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. எண் நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி நிற்கும்போது முதுகும் தெரிவதைப் போல அவமானம் வேறில்லை என்று ஓட்டுநரே வாய் திறந்து சொல்லிவிட்டாராம்.

திரைக்காரி ஜன்னல் திரைக்கு வெட்டியது போக மிச்சமிருந்த வெளிர்நீலத் துணியை எடுத்துக் கழுத்து வரை மூடிய ஆறு அங்கிகள் தைத்தாள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு சின்ன வேலைப்பாடு. ஓட்டுநருக்கு பஸ் சக்கரம். நீச்சல்காரிக்கு மீன்.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். ஓட்டுநர் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு யூனிஃபார்ம் யாரும் குடுக்கல."

"அண்ணே, உங்களைப் பாத்தா ஜன்னல்ல மாட்டணும் போல இருக்கு" என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எட்டாவது ஜன்னல் திரையின் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. திரைக்காரி அந்த விரல்களைப் பார்த்தபடி நின்றாள். அருகே போனாள். திரை விலகி நீச்சல்காரி எட்டிப் பார்த்தாள். கையில் மீன் அங்கி.

"அக்கா, யாரும் இல்லயே? இதோட ஓரத்தைப் பாருங்க."

பார்த்தாள். நான்கு விரல் அகலத்துக்கு இரட்டை மடிப்பு. அங்கிக்கு யார் இப்படி மடிப்பார்கள்? திரைக்குத்தான் மடிப்பார்கள். ஆறு அங்கிக்கும் அவள் கை அப்படியே மடித்திருக்கிறது. ஏழு வருடத்துக்குப் பிறகும் அதே கை.

"கொஞ்சம் பிரிச்சு உள்ள எதாவது வச்சுத் தைச்சுக் குடுங்கக்கா. உங்ககிட்ட இருக்குமே. வெள்ளிக்கிழமை ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அங்க படுக்க வச்சிடுவாங்க. இந்த ஒரு வாரம்தான். அடுத்த வாரம் சத்தியமா நானே சாப்பிட்டு ஏத்திடறேன்."

வார்த்தைகள் வேறு. குரல் அதேதான். ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடியது. தரையெல்லாம் தண்ணீர் போல நெளிந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"கொண்டா" என்றாள்.

பெண் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பறவையைத் தூக்குவது போல இருந்தது. எலும்பும் சூடும் மட்டும்.

புதன்கிழமை அங்கி அவள் வீட்டு மேஜையில் கிடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் வரை அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். வேறு வேலையில் கை ஓடவில்லை. பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஈயச் சரத்தை எடுத்தாள். ஜபமாலை போலத் துணிக்குள் கோத்த சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், தொட்டால் குளிரும். மடிப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல் கச்சிதமாகப் பொருந்தியது. அது பொருந்தியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சரத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு, அங்கியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். எதற்கு அலசினோம் என்று தெரியவில்லை. சுத்தமான துணிதான். வெயிலில் சுவரோரம் உட்கார்ந்தாள். கண் அயர்ந்திருக்க வேண்டும். காற்று வந்தபோது கனவா நனவா என்று பிரிக்க முடியவில்லை. வெளிர்நீல அங்கி வயிறு நிறைய மூச்சு வாங்கியது. கைகளை விரித்தது. நீந்துகிறவளைப் போலக் கொடியில் புரண்டது. எதிர்வீட்டுத் துணிகளையெல்லாம் விட உயரமாக எழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, ஆடுகிற ஒன்றைப் பார்த்து.

கீழே வந்து கத்திரிக்கோலை எடுத்தாள். மடிப்பை முழுசாக வெட்டி எறிந்துவிட்டு, ஒற்றைத் துணியின் விளிம்பை மெலிதாக ஓரம் அடித்தாள். ஒரு ஊசியைக்கூட அதில் ஒளிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே போய் நீச்சல்காரியை வாசலில் பிடித்தாள்.

"நான் வைக்கல."

பெண் அங்கியை வாங்கி ஓரத்தைத் தடவினாள். முகம் வெளுத்தது. "ஏன்? சரின்னுதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"சரின்னு சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல, அது என் தப்பு. இப்ப சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லப்போறேன். நீயும் வரியா? இல்ல நான் மட்டும் போகவா?"

"சொல்லுவீங்களா? என்னை நம்ப வச்சுக் கழுத்தறுக்கறீங்களேக்கா!"

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உன் வயசு. அவளும் கேட்டா. அவளுக்கு வச்சுக் குடுத்தேன். ரெண்டு தரம்."

"இருந்தா" என்ற சொல் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் பெண். குரல் கிறீச்சிட்டது. "உங்க தங்கச்சிக்குப் பதிலா நான் சாப்பிடணுமா? உங்க மனசு ஆறணும்னு நான் அங்க போய்ப் படுக்கணுமா?"

அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருந்தது. "இல்ல. நீ உனக்குத்தான் சாப்பிடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரைக்காரி படியேறினாள். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை.

பெரிய சிஸ்டர் முழுக்கக் கேட்டாள். பாவாடை, ஈயம், மருத்துவர் "நல்லது" என்றது, கொடி, எல்லாம். முடிந்ததும் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"இந்த வித்தையெல்லாம் எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா? எடையை மட்டும் நம்பியா உக்காந்திருக்கோம்? நாடி பாக்கறோம், ரத்தம் எடுக்கறோம். ஆனா வீட்டாளுங்க யாரும் இப்படி வந்து சொன்னதில்லை. பாசத்துல மூடி மறைப்பாங்க."

"என்னாலதான் அவ..."

"அந்த ஈயத்தாலதான்னு சொல்ல மாட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்ல மாட்டேன், நீங்க நம்ப மாட்டீங்க. உங்க தங்கச்சி குரல்ல வியாதி வந்து கேட்டுச்சு. நீங்க தங்கச்சிக்குன்னு நினைச்சுக் குடுத்திட்டீங்க. இந்த வாட்டி ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்க." டம்ளரைக் கையில் திணித்தாள். "இதுக்கு நம்ம ஆலோசகர்கிட்ட நீங்களும் ஒரு நாள் உக்காரணும். துணைக்கு வர்றவங்களுக்கும் துணை வேணும். சொல்லிட்டேன்."

கதவு திறந்தது. மீன் அங்கியோடு நீச்சல்காரி நின்றாள். திரைக்காரியைப் பார்க்கவில்லை. நேரே போய் அறை மூலையில் இருந்த எடை மேடையில் ஏறி, எண்ணுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். ஓரம் வெட்டுப்பட்டதால் அங்கி முழங்கால் வரை ஏறியிருந்தது. மின்விசிறிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தது. பஸ் விளையாட்டில் அன்று ஒரு இடம் காலி. டம்ளரைத் தட்டுவதற்கு முன்னால் ஓட்டுநர் அந்த இடத்தைப் பார்த்து, "பாஸ் எடுத்திருக்கு, இடையில இறங்கி ஏறிக்கலாம்" என்றார்.

மூன்று முறை திரைக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் முறை, பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினாள் பெண். இரண்டாம் முறை தூங்குகிறாள் என்றார்கள். மூன்றாம் முறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், வார்டு நர்ஸே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து மூடியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு வெளியே தள்ளுமேஜையில் காத்திருந்தது.

"இருக்கியா?" என்றாள் திரைக்காரி.

"இல்ல" என்றது திரை.

வார்டு நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு செருப்பு மட்டும் போட்டிருந்தது. விரல்கள் கூசியது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டிலுக்கடியில் தேடலாம். அலமாரியைத் திறந்து பார்க்கலாம். சத்தம் போடாமல் திரும்பிப் போய், சாயங்காலம் வந்து மறுபடி தேடலாம். இருபது வருடத்துக்கு மேலான பழக்கம்.

"கால் தெரியுது" என்றாள்.

திரை அசையவில்லை. விரல்கள் மட்டும் ஒரு முறை நெளிந்தன.

"கண்டுபிடிச்சிட்டேன். உள்ள வரட்டுமா?"

எங்கேயோ தள்ளுவண்டி உருண்டது. ஜன்னல் வெளிச்சம் தரையில் வந்து, போய், மறுபடி வந்தது.

"சாப்பாட்டு நேரம்" என்றாள் பெண் உள்ளிருந்து. குரலில் அழுகை கரகரத்தது.

"அதுக்குத்தான் வந்தேன். நானும் இன்னும் சாப்பிடல."

திரை கொஞ்சம் விலகியது. ஒரு ஆள் போகிற அளவு. திரைக்காரி தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் தன் டப்பாவைத் திறந்தாள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தாள், எடுத்தபடியே வைத்திருந்தாள். பிறகு கட்டிலைச் சுற்றித் தொங்கிய துணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதை யாருக்கா தைச்சது? ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

திரைக்காரி குனிந்து பார்த்தாள். "ஆமா. ரெண்டு விரல் கோணல். தைச்சவனுக்கு அவசரம்."

"ஈயம் போட்டா நேரா நிக்குமா?"

பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டலா, வலியா, இல்லை இரண்டுமா என்று தெரியவில்லை.

"நிக்கும்" என்றாள் திரைக்காரி. "வேணாம். ஆடட்டும்."

பெண் கரண்டியால் தண்ணீர் டம்ளரை இரண்டு தரம் தட்டினாள், மெதுவாக. "உங்க ஸ்டாப்தான் மொதல்ல."

திரைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மாடி, ஒரு கொடி, நிறையத் துணி, நல்ல காற்று என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடித்துக் கண்ணைத் திறக்க அவளுக்கு அவசரமில்லை. கரண்டி தட்டில் படுகிற சத்தம் ஒரு தரம் கேட்டது.